தண்ணீரை ஏன் வெட்டினாய்?

குழந்தைகளே, கடந்த ஜனவரி மாதம் என் பேரனை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் அப்பாவின் கேமரா அவன் கழுத்தில் தொங்கியது. ஏரிக்கரையில் நடந்தான், பார்வைக் கோபுரத்தில் ஏறினான், இறங்கினான், மறுபடியும் ஏறினான். மூன்று மணி நேரத்தில் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளிவிட்டான்!

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, நாலு பக்கமும் வெட்டி, நடுவில் இருந்ததை மட்டும் பெரிதாக்கி, "பாட்டி, எப்படி இருக்கு?" என்றான்.

மஞ்சள் மூக்கு நாரை. தலையும் நீண்ட அலகும் படம் முழுக்க நிறைந்திருந்தன. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டிப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புதான்; ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணா, இது வண்டலூர்ல எடுத்ததா?"

"இல்லை. வேடந்தாங்கல்!"

"அப்படின்னா தண்ணி எங்கே?"

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப் போயிற்று. "நீ முதலில் எடுத்த முழுப் படத்தைக் காட்டு" என்றேன்.

முழுப் படத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஏரித் தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரம். அதன் உச்சியில் இந்த நாரை, தன் கூட்டில் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னும் பல கூடுகள். ஒரு கிளையில் நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது. மரத்தின் நிழல் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. தூரத்தில் ஏரிக்கரை, அதற்கும் அப்பால் பச்சை வயல்.

இவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒரு மூக்கை மட்டும் வைத்திருந்தான்!

அந்தத் தண்ணீர் சும்மா அழகுக்கு இருப்பதில்லை, குழந்தைகளே. மரம் தண்ணீருக்குள் நிற்பதால்தான் நாரை அங்கே கூடு கட்டுகிறது. காட்டுப் பூனையோ, நாயோ, நரியோ, மனிதனோ சுலபமாக மரத்தடிக்கு வர முடியாது. முட்டையும் குஞ்சும் பத்திரமாக இருக்கும். ஏரி சரியாக நிரம்பாத ஆண்டுகளில் அங்கே கூடு கட்டும் பறவைகளின் எண்ணிக்கையே குறைந்துபோகும்.

வயலும் சும்மா இல்லை. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு அதுவே உரம். அதனால்தான் சுற்றுவட்டார மக்கள் பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், 1798-ல் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து மூலம் கொடுத்தார்.

நாரையின் முகத்தை மட்டும் பார்த்தால் இதில் ஒரு வரியாவது தெரியுமா? முழுப் படத்தில் நாரை கட்டைவிரல் அளவுதான். ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்ற விடையும் கூடவே இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை வித்தை

கேமரா இல்லையே, கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நான் வகுப்பில் செய்துகாட்டிய வித்தை ஒன்று சொல்கிறேன். காசு செலவில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டையாக இருக்கட்டும். அதிலிருந்து 'ட' எழுத்தின் வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொரு கையும் 2 செ.மீ. அகலம், முடிந்தவரை நீளம். ஒரு துண்டை அப்படியே வைத்து, இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி எதிரெதிரே பொருத்தினால், நடுவில் ஒரு சன்னல் கிடைக்கும். துண்டுகளை நகர்த்த நகர்த்தச் சன்னல் சிறிதாகும், பெரிதாகும், நீளமாகும், உயரமாகும்.

செய்தித்தாளிலோ நாள்காட்டியிலோ ஒரு காட்டு விலங்கின் படத்தைத் தேடி எடுங்கள். விலங்கைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கிற படமாகப் பாருங்கள். முதலில் தலை மட்டும் தெரிகிற மாதிரி சன்னலை வையுங்கள். அடுத்து முழு உடம்பு. கடைசியில் விலங்கும் அது நிற்கும் இடமும் சேர்ந்து தெரியட்டும். ஒவ்வொரு முறையும் நோட்டில் நாலு கேள்விக்கு விடை எழுதுங்கள். இது யார்? எங்கே இருக்கிறது? என்ன செய்கிறது? ஏன் அங்கே இருக்கிறது?

தலை மட்டும் தெரிந்தபோது முதல் கேள்விக்கு மேல் போக முடியாது. சன்னலை விரிக்க விரிக்க மற்ற விடைகள் வரும். ஆனால் ஒரு எல்லையும் உண்டு. ரொம்ப விரித்தால் கதைக்குச் சம்பந்தமில்லாத மின்கம்பியும், யாரோ ஒருவரின் முழங்கையும் உள்ளே வந்துவிடும். 'இதற்கு மேல் விரித்தால் புதிதாக ஒன்றும் தெரியவில்லை' என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துங்கள். வெட்டுவது என்றால் அதுதான். கத்தரியை எடுப்பது கடைசி வேலை.

முகப்படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நத்தை குத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். கரண்டிவாயனின் அலகு நுனி சப்பையாக, பெயருக்கு ஏற்றபடி இருக்கும். இதையெல்லாம் காட்ட வேண்டுமானால் கிட்டே போய்த்தான் ஆக வேண்டும். எல்லாப் படமும் முகப்படமாகவே இருந்தால்தான் எனக்குக் கோபம் வரும். பாஸ்போர்ட் படம் எடுக்கவா காட்டுக்குப் போகிறோம்?

எடுக்கும்போதே யோசிக்க

விலங்கு சிறிதாகவும் இடம் பெரிதாகவும் இருக்கும் படத்தை எடுப்பது முகப்படத்தைவிடக் கஷ்டம். 'நாரை எங்கே?' என்று தேடும்படி ஆகிவிடக் கூடாது அல்லவா? அதற்குப் பின்னணி உதவ வேண்டும். வெள்ளைக் கொக்குக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் கொக்கு கரைந்துபோகும். நீங்கள் நாலு அடி தள்ளி நின்று, கொக்குக்குப் பின்னால் கரும்பச்சை மரம் வருகிற மாதிரி பார்த்தால், சுண்ணாம்பு வைத்த மாதிரி பளிச்சென்று தெரியும். நகர வேண்டியது நாம், கொக்கு இல்லை.

பல செல்போன்களில் திரையின் மேல் இரண்டு நெடுக்குக் கோடுகளும் இரண்டு குறுக்குக் கோடுகளும் வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம். திரை ஒன்பது கட்டங்களாகத் தெரியும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நாலு புள்ளிகளில் ஒன்றில் விலங்கை வைத்துப் பாருங்கள். நட்ட நடுவில் வைப்பதைவிடப் பெரும்பாலும் நன்றாக இருக்கும். எந்தப் புள்ளி? விலங்கு வலது பக்கம் பார்த்தால் இடது பக்கப் புள்ளி. அது பார்க்கிற பக்கம், நடக்கிற பக்கம், பறக்கிற பக்கம் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்! பிறகு வெட்டும்போதும் இதை மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் இருக்கும் படத்தில் கோணல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிகிற மாதிரி தெரியும். பிறகு கம்ப்யூட்டரில் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது நாலு மூலையிலும் கொஞ்சம் போய்விடும். ஓரத்தில் இருந்த கூடு காணாமல் போகும். நிழல் விஷயமும் அப்படித்தான். தண்ணீரில் பறவையின் நிழல் விழுந்திருந்தால் முழுதாக வையுங்கள், அல்லது அடியோடு விட்டுவிடுங்கள். நிழலின் கழுத்தை வெட்டாதீர்கள்.

இன்னொன்று. கூட்டை மறைக்கிறதே என்று இலையை ஒதுக்குவது, கிளையை ஒடிப்பது, பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிக் கலைப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த இலைதான் குஞ்சுக்கு வெயில் படாமல் காக்கும். காக்கையின் கண்ணிலிருந்து மறைக்கும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு கூட வெடிப்பதில்லை. அவர்களே அப்படி இருக்கும்போது, ஒரு படத்துக்காக நாம் கைதட்டலாமா?

மரத்தைக் கட்டிக்கொண்ட புலி

நம் ஊரில் இந்தக் கலையில் முன்னோடி மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டு யானைகளைத் தேடி நடந்தும், வளர்ப்பு யானை மீது ஏறியும் போய்ப் படம் எடுத்தார். கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். பல பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனமான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர். அவர் புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் காட்டுயிர்ப் படப் போட்டி நடத்துகிறது. 2020-ல் அதில் முதல் பரிசு வாங்கியவர் ரஷ்யாவைச் சேர்ந்த செர்கேய் கோர்ஷ்கோவ். ரஷ்யாவின் கிழக்குக் கோடிக் காட்டில், ஒரு பெண் புலி பெரிய மரத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தைத் தேய்க்கிறது. 'இது என் இடம்' என்று தன் வாசனையை மரத்தில் பூசிவைக்கிறதாம். விலங்கு குறுக்கே வந்தால் தானாகவே இயங்கும் கேமராவை அந்த மரத்துக்கு எதிரே வைத்துவிட்டு, பத்து மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்! படத்தில் புலியைச் சுற்றிலும் காடுதான். புலியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? கண்ணை மூடித் தூங்கும் புலி என்று நினைத்துக்கொள்வோம். மரம் இருப்பதால்தான் அது கட்டிப்பிடித்தல்.

2016-ல் அதே போட்டியில், நகரப் பிரிவில் வென்றவர் நம் நாட்டுக்காரர் நயன் கனோல்கர். மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்பு. வீடுகளுக்கு நடுவே குறுகிய சந்து. அதில் இரவு நேரத்தில் ஒரு சிறுத்தை பூனை மாதிரி நடந்து வருகிறது. சந்தும் வீட்டுச் சுவரும் அழகில்லை என்று அவர் நினைத்திருந்தால் அந்தப் படமே இல்லை.

நான் நினைத்தேன், குழந்தைகளே. அழகில்லை என்று நினைத்து, என் கையாலேயே வெட்டினேன்.

கத்தரி என் கையில் இருந்தது

1998-ம் ஆண்டு. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் வன உயிரின வாரத்துக்குக் கண்காட்சி வைத்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பெரியப்பாவின் பிலிம் கேமராவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள். ஊர் ஏரியின் மூலையில் பத்துப் பன்னிரண்டு அரிவாள் மூக்கன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பின்னால் பனைமர வரிசை, மதகு. ஓரத்தில் ஒரு குப்பைமேடு, அதில் கிழிந்த பிளாஸ்டிக் பைகள்.

"ஏம்மா, இவ்வளவு நல்ல படத்தில் குப்பை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்துப் படத்தின் மேல் பாதியையும் ஓரத்தையும் வெட்டினேன். மதகும் பனைமரமும் குப்பையோடு போயின. முன்னால் நின்ற இரண்டு பறவைகள் மட்டும் மிஞ்சின. வண்ண அட்டையில் ஒட்டி மாட்டினோம். முதல் பரிசு அதற்குத்தான். நான்தான் கைதட்டலைத் தொடங்கிவைத்தேன்.

ஆறு வருடம் கழித்து அவள் என்னைத் தேடி வந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஏரி மூலையில் மண் கொட்டி மேடாக்க ஆரம்பித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் மனு கொடுக்கப் போகிறார்களாம். "அங்கே பறவைகள் வந்ததற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். டீச்சர், அந்தப் படம் இருக்கா?"

படம் இருந்தது. பள்ளியின் பழைய பீரோவில் தேடி எடுத்தேன். இரண்டு பறவைகள், காலடியில் கொஞ்சம் சேறு. அது எந்த ஊர் ஏரி என்று யாரால் சொல்ல முடியும்? நெகட்டிவ் எங்கே என்று கேட்டேன். வீடு மாறியபோது மழையில் நனைந்து ஒட்டிப்போய்விட்டதாம்.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மதகு இந்தப் பக்கம் இருந்தது, இல்லையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

முழுப் படம் இருந்திருந்தால் மண் கொட்டுவது நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனுவோடு வைத்துக் காட்ட ஒன்று இருந்திருக்கும். அந்த மூலையில் இப்போது ஒரு தெரு இருக்கிறது.

அசலைத் தொடாதீர்கள்

அதனால் என் வீட்டில் இப்போது ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. எடுத்த படத்தை அப்படியே ஒரு இடத்தில் பத்திரப்படுத்து. அதன் நகலில்தான் வெட்டலாம். தேதி, ஊர், ஏரியின் பெயர், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, எல்லாம் எழுதி வை. அச்சுப் படமாக இருந்தால் பின்பக்கம் பென்சிலால் எழுது.

கணக்கு டீச்சர் இல்லை நான். ஆனாலும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. உங்கள் செல்போன் படம் அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். பெருக்குங்கள்: 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டி எடுத்தால் மிச்சம் பாதி இல்லை, கால்தான்! 30 லட்சம். கால் அகலம், கால் உயரம் என்றால் பதினாறில் ஒரு பங்கு, ஏழரை லட்சம். தெளிவாக அச்சடிக்க ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். முழுப் படத்தை 13 அங்குல அகலத்துக்கு அச்சடிக்கலாம். பதினாறில் ஒரு பங்கை 3 அங்குலத்துக்குத்தான். அதற்கு மேல் இழுத்தால் நாரை பஞ்சு மிட்டாய் மாதிரி ஆகிவிடும். திரையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்கிறீர்களே, பெரும்பாலான போன்களில் ஒரு அளவுக்கு மேல் அதுவும் இப்படி வெட்டுவதுதான். போனே உங்களுக்காக வெட்டிவிடுகிறது!

சரி, பேரன் கதைக்கு வருவோம். முகப்படத்தை அவன் அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை. முழுப் படத்தை மறுபடி திறந்து, இன்னொரு நகல் எடுத்தான். மேலே இருந்த வெற்று வானத்தில் கொஞ்சம் வெட்டினான். இடது ஓரத்தில் பாதி தெரிந்த படகு நுனியை வெட்டினான். மரம், அதன் நிழல், கரை, வயல் எல்லாவற்றையும் விட்டுவைத்தான். நாரை மேலே வலது பக்கப் புள்ளியில் உட்கார்ந்தது. "இப்போ சரியா?" என்று அந்தச் சிறுமியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் நாரையைப் பார்க்கவே இல்லை. விரலை வைத்துக் கூடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று... விரல் தண்ணீர்ப் பக்கம் இறங்கியதும் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"ஐயோ அண்ணா, பாம்பு!"

மூன்று பேரும் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். மரத்தின் நிழலுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு மேலே வளைந்த மெல்லிய கழுத்து ஒன்று. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள். பாம்பில்லை, பாம்புத்தாரா! நீந்தும்போது கழுத்தை மட்டும் வெளியே நீட்டும் பறவை அது. அன்றைக்கு மூன்று மணி நேரம் கரையில் நின்றும் எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை.